பதினைந்தாவது பெயர்

தோணிரேவு சாமுண்டீஸ்வரியைப் பற்றி ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டார். நூற்று நாற்பது பக்கம், ஸ்பைரல் பைண்டிங், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை. அதில் அவளுக்குப் பெயர் கிடையாது. ‘பதிலளிப்பவர் 1’ என்று இருக்கும். பழவேற்காடு கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற மாலதியாகிய நான்தான் அதை அச்செடுத்து, ஓட்டை போட்டு, சுருள் மாட்டிக் கொடுத்தேன். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதுதான் மரியாதை என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் கிடக்கிறார்.

எங்கள் ஏரிக்கு ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. பூநாரை பார்க்க வருவார்கள், டச்சுக்காரர் கல்லறை பார்க்க வருவார்கள், இப்போது சில வருடங்களாக மீன்காரியின் பொருளாதாரத்தைப் பார்க்கவும் வருகிறார்கள். கேள்வித்தாளை என் கடையில்தான் நகல் எடுப்பார்கள். ‘உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி? மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம்.’ எங்கள் ஜனங்கள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தப் பரவாயில்லையை எண்ணி, கூட்டி, சதவீதம் போட்டு இவர்கள் பட்டம் வாங்குவார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கிடைத்தது.

சாமுண்டீஸ்வரி பிறந்தது லைட்ஹவுஸ் குப்பத்தில். தோணிரேவு நாகப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏரிப்பக்கம் வந்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. குரல் என்றால் அப்படி ஒரு குரல். அவள் கரையில் நின்று பேசினால், ஏரிக்குள் படகில் இருக்கிற நாகப்பன் பதில் சொல்லியாக வேண்டும். கோபம் வந்தால் எதிரில் இருப்பது வியாபாரியா, வட்டாட்சியரா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். ஒருமுறை என் கடையில் ரேஷன் கார்டு நகல் சாய்வாக விழுந்துவிட்டது என்று அரை மணி நேரம் என்னைக் கிழித்தெடுத்துவிட்டு, போகும்போது அரை கிலோ இறாலை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பாடு பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல விழாது. முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதற்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஊர்க்காரர்கள் பெயர்களைச் சீட்டில் எழுதி, சொம்பில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இன்றைக்கு இவனுக்கு அந்த இடம், நாளைக்கு இன்னொருவனுக்கு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். சாமுண்டீஸ்வரியின் தெருவில் இதில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் செத்துப்போனாலும் அவன் சீட்டு சொம்பிலேயே இருக்கும். அவன் முறை வருகிற நாளில் மற்றவர்கள் வலை போட்டு, விழுந்ததை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பார்கள். பிள்ளைகள் தலையெடுக்கிற வரைக்கும் இது நடக்கும். இதை யாரும் உதவி என்று சொல்வதில்லை. அது அந்த வீட்டுப் பாடு, அவ்வளவுதான். மாறாக, ஒருவனுடைய சீட்டைச் சொம்பிலிருந்து எடுப்பது என்றால், அந்தக் குடும்பத்தை ஊரை விட்டு விலக்கியதாக அர்த்தம். என் நினைவில் ஒரே ஒரு முறைதான் அப்படி நடந்தது. அந்தக் குடும்பம் அந்த மாதமே எண்ணூருக்குப் போய்விட்டது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் வந்து, தோணிரேவில் பெண்களுக்கு இறால் உரிக்கிற கொட்டகை ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். தகரக் கூரை, நீளமான எவர்சில்வர் மேஜை, பெரிய ஐஸ் பெட்டி. உரித்த இறாலை ஏற்றிப்போக வாரத்தில் நான்கு நாள் அவர்களே வண்டி அனுப்புவார்கள். குழுவில் பதினைந்து பெண்கள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. மேஜையில் உட்கார இடம் எட்டுப் பேருக்குத்தான். பதினைந்து பேரைச் சேர்க்கச் சொல்லிவிட்டு எட்டு இடம் கட்டிக் கொடுத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது.

முதல் மாதம் ஒரே சண்டை. முடியைப் பிடித்துக்கொள்ளாத குறை. இரண்டாம் மாதம் சாமுண்டீஸ்வரி வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் சொம்பை எடுத்து வந்தாள். பதினைந்து பெயரையும் எழுதி, சுருட்டி, நூல் கட்டிப் போட்டாள். மாதா மாதம் குலுக்கி யார் யாருக்கு எந்தெந்த நாள் என்று பிரித்தாள். ஆண்கள் சிரித்தார்கள். “பொம்பளைங்களுக்கும் பாடு வந்துடுச்சிடா” என்று நாகப்பனைக் கேலி செய்தார்கள். நாகப்பன் கம்மென்று இருந்தார், அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டுமே. அதற்குப் பிறகு கொட்டகையில் சண்டை இல்லை. ஐஸ் தண்ணீரில் கை விறைக்க, இறாலின் கொம்பு விரலைக் குத்த, தலையைக் கிள்ளி ஓட்டை உரித்துத் தட்டில் எறிந்துகொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். இப்படியே ஏழு வருடம் போயிற்று.

சாந்தி செத்தது அப்போதுதான். அவளும் அந்தப் பதினைந்தில் ஒருத்தி, சாமுண்டீஸ்வரிக்குப் பக்கத்து வீடு. மஞ்சள் காமாலை முற்றி, பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போய்விட்டது. அவள் வீட்டுக்காரர் மாணிக்கம் எப்போதோ காசிமேட்டுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டவர். காரியத்துக்கு வந்தார், கறிச்சோறு சாப்பிட்டார், போய்விட்டார். மிச்சம் இருந்தது ஒரே மகள் இளவரசி. திருவள்ளூர்ப் பக்கம் நர்சிங் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். மூன்று வருடப் படிப்பு. ஹாஸ்டல் கட்டணம் சாந்தியின் இறால் கூலியிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சாமுண்டீஸ்வரி இளவரசியைக் கூப்பிட்டுச் சொன்னாள். “உங்கம்மா சீட்டு சொம்புல கீது. நீ நர்சு ஆவுற வரிக்கும் அது அங்கியேதான் இருக்கும். நீ போய் படி.” மற்ற பெண்கள் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. சாந்திக்கு முறை வருகிற நாளில், அன்றைக்கு முறை இல்லாத ஒருத்தி வந்து உட்கார்ந்து உரிப்பாள். கூலி இளவரசிக்குப் போகும். என் போன் வழியாகத்தான் அனுப்புவார்கள். அனுப்பும்போது செய்தியில் ‘அம்மா பாடு’ என்று போடச் சொல்லுவாள் சாமுண்டீஸ்வரி. இதேபோல ஜெஸ்ஸி என்று இன்னொருத்தி. சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. அவள் சீட்டும் சொம்பில்தான் இருந்தது.

போன வருடம் ஜூலையில் முரளி வந்தான். சென்னையில் எம்.பி.ஏ. இரண்டாம் வருடம். அறக்கட்டளையில் இரண்டு மாதப் பயிற்சி, அதிலேயே புராஜெக்ட். ‘மீனவ மகளிர் குழுவில் நிறுவனப் பண்பாடும் பொருளாதாரப் பயனும்’ என்று தலைப்பு. நல்ல பையன். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அவனைத் திட்டிவிட்டால் எனக்கு ஆறிவிடும், ஆனால் அவன் திட்டு வாங்குகிற ஆள் இல்லை. கொட்டகையில் தரையில் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டான். தானும் உரித்துப் பார்க்கிறேன் என்று விரலைக் கிழித்துக்கொண்டான். சாமுண்டீஸ்வரிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இதுவரை வந்தவர்களெல்லாம் டிக் அடித்துக்கொண்டு போனார்கள், இவன் ஒருத்தன்தான் சொம்பு என்ன, சீட்டு என்ன என்று கேட்டான்.

கேள்வித்தாள் நிரப்புகிற அன்று நானும் இருந்தேன். நகல் ஐந்து குறைந்துவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“அக்கா, சாந்தி அக்கா இறந்துட்டாங்க இல்லையா, ஜெஸ்ஸி அக்காவும் வர்றதில்ல. மொத்த உறுப்பினர்ங்கிற கட்டத்துல பதிமூணுன்னு போட்டுக்கலாமா?” என்று முரளி கேட்டான்.

“ஏன் போடணும் பதிமூணு? சொம்புல பதினஞ்சு பேரு கீது.”

“இல்லக்கா, அறக்கட்டளைக்கு ஒரு காப்பி போகும். வேலைக்கு வர்றவங்க எத்தனை பேர்னு வேற அடுத்த கட்டம் இருக்கு. ரெண்டும் ஒத்துப்போனா நல்லாருக்கும்.”

சாமுண்டீஸ்வரி இறாலைக் கீழே வைத்துவிட்டாள். அது நல்ல அறிகுறி இல்லை. “சாந்தி பேர உடச் சொல்றியா? சொம்புல கீற பேர நீ எப்பிடி உடுவ? இதுல பதினஞ்சுன்னு எழுது. அதுல பதிமூணுன்னு எழுது. நாங்க இன்னா திருட்டு இறாலா உரிக்கிறோம் மறைக்கிறதுக்கு? நாங்க ஆள உட மாட்டோம்னு தெரியட்டும் அவங்களுக்கும்.”

அவன் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான். அவள் பேனாவைப் பிடுங்காத குறையாக எழுத வைத்தாள். எழுதிய பிறகு, கேள்வித்தாளோடு இருந்த பெயர்ப் பட்டியலில் சாந்தியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. பெயரை விட்டுவிடு என்று அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. நாங்களெல்லாம் இந்த ஊரில் பிறந்தவர்கள், சொம்பில் பெயர் இருக்கிறது என்பதைவிடப் பெரிய அத்தாட்சி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.

செப்டம்பரில் முரளி பைண்டிங் போட வந்தான். சென்னையில் இல்லாத பைண்டிங்கா, என் மேல் ஒரு பிரியம். நான்காவது அத்தியாயம் முழுக்க சொம்பைப் பற்றித்தான். பதினோரு பக்கம். ‘எந்த நிர்வாகப் பள்ளியும் கற்றுத்தராத பண்பாடு’ என்று எழுதியிருந்தான். தமிழில் படித்துக் காட்டியபோது என் கண் கலங்கியது. அதற்கு அடுத்த பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. பதிவில் உள்ள உறுப்பினர் பதினைந்து, பணிக்கு வருவோர் பதிமூன்று. எண்கள் மங்கலாகத் தெரிகின்றன, கொஞ்சம் தடித்த எழுத்தாக்கிக் கொடுங்கள் அக்கா என்றான். ஆக்கிக் கொடுத்தேன். மூன்று பிரதி. ஒன்று கல்லூரிக்கு, ஒன்று அவனுக்கு, ஒன்று அறக்கட்டளைக்கு. அறக்கட்டளைப் பிரதியைக் கூரியரில் போட்டதும் நானேதான்.

அக்டோபர் கடைசியில் மூர்த்தி வந்தார். அறக்கட்டளையின் களப் பொறுப்பாளர். அதிர்ந்து பேசாத மனிதர், கையில் ஒரு ஃபைல் எப்போதும் இருக்கும். ஏரியில் இறால் நன்றாக விழுந்துகொண்டிருந்த சமயம், கொட்டகையில் எட்டு இடமும் நிறைந்திருந்தது. பெயர்ப் பட்டியலைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். பட்டியலில் பதினைந்து, ஆள் பதிமூன்று, இரண்டு பேர் வேலை செய்யாமல் கூலி வாங்குகிறார்கள், அதில் ஒருவர் உயிரோடே இல்லை. மேலிடத்தில் கேட்கிறார்கள்.

“அவங்க பங்க நாங்கதான சார் சேர்ந்து உரிக்கிறோம்? ஒரு கிலோவாவது கொறைஞ்சி கீதா?” என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

“குறையலம்மா. எனக்குப் புரியுது. அந்தப் பையன் நாலாவது அத்தியாயத்துல ரொம்ப அழகா எழுதியிருக்கான். ஆனா தணிக்கைக்காரங்க அட்டவணையத்தான் பார்ப்பாங்க. அவங்க பாஷையில இதுக்குப் பேரு போலி உறுப்பினர்.”

“யாரு போலி? சாந்தியா?” அவள் குரல் ஏறவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “ஏழு வருசம் இந்த எடத்துல உக்காந்து ஐஸ் தண்ணியில கை வெச்சவ சார் அவ. அவ கைய நீ பாத்திருக்கியா? அவளப் போலின்ற.”

மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு பெயரையும் எடுத்துவிட வேண்டும், எடுத்த இடத்தில் வேலைக்கு வருகிற இரண்டு பேரை ஜனவரிக்குள் சேர்த்துப் பதினைந்து ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியும் வண்டியும் நின்றுவிடும் என்றார். சாந்தியின் பெண் படிக்கிறாள் என்றால் உதவித்தொகைத் திட்டம் ஒன்று இருக்கிறது, அடுத்த ஜூனில் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார். பெற்றோர் இருவரும் இல்லாதவர்களுக்கு முன்னுரிமையாம். மாணிக்கம் காசிமேட்டில் கல்லுக்குண்டாக உட்கார்ந்திருக்கிறார், அதனால் அந்த முன்னுரிமையும் கிடையாது. இளவரசிக்குப் படிப்பு முடிய அப்போது இன்னும் பத்து மாதம் இருந்தது.

மறுநாள் கொட்டகையில் கூட்டம். ஐஸ் பெட்டியும் வண்டியும் போனால் மறுபடி வியாபாரி சொல்கிற விலைதான், அது எல்லோருக்கும் தெரியும். ஜெஸ்ஸி கட்டையை ஊன்றிக்கொண்டு வந்திருந்தாள். “என் சீட்ட நானே எடுத்துக்கிறேன்க்கா, என் மருமவ வந்து உக்காரட்டும்” என்றாள். அவள் விஷயம் முடிந்தது. சாந்தியின் சீட்டை எடுக்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் சாமுண்டீஸ்வரி சொம்பைப் பாயில் கவிழ்த்தாள். எல்லாம் நூல் கட்டிய சுருள், எது யாருடையது என்று வெளியில் தெரியாது. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் படித்து, மறுபடி சுருட்டிக் கட்டி வைத்தாள். பத்தாவதோ பதினொன்றாவதோ சாந்தி வந்தாள். அதை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

முரளிக்கு நான் போன் செய்தேன். புராஜெக்டுக்குக் கல்லூரியில் முதல் பரிசு கிடைத்ததாகச் சொல்ல அவனே அழைக்க இருந்தானாம். விஷயத்தைச் சொன்னேன். “அக்கா, நான் அதைப் பாராட்டித்தானே எழுதினேன்” என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அறக்கட்டளைக்கு இரண்டு பக்கம் கடிதமும் எழுதினான். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

இளவரசியின் கட்டணத்துக்கு நான் தருகிறேன் என்று சாமுண்டீஸ்வரியிடம் சொல்லிப் பார்த்தேன். முழுவதும் முடியாது, பாதியாவது தருகிறேன் என்றேன். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “தருமத்துக்கா அது படிக்கிது? அவங்கம்மா பாடு காசுல படிக்கிது. நீ உன் வேலயப் பாரு. நான் எப்பவும் போல குடுக்குறேன், நீ எப்பவும் போல அனுப்பு. அந்தப் பொண்ணுகிட்ட மூச்சு உடாத.” நவம்பரில் கொடுத்தாள். டிசம்பரிலும் கொடுத்தாள். ‘அம்மா பாடு’ என்று போட்டு அனுப்பினேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

பிறகுதான் தெரிந்தது. கொட்டகையில் தனக்கு முறை இல்லாத நாளெல்லாம் விடியற்காலையில் பஸ் ஏறித் திருப்பாலைவனம் போயிருக்கிறாள். அங்கிருந்து ஏதோ ஓர் இறால் கம்பெனி வண்டி ஆள் ஏற்றிப்போகிறது. பத்து மணி நேரம் நின்றபடி வேலை, கையுறை கிழிந்தால் புதிதாகத் தர மாட்டார்களாம். அறக்கட்டளை வண்டிக்கு இறால் அனுப்புகிற குழுவின் தலைவி, கூலி ஆளாகக் கம்பெனி வண்டியில் பின்னால் நின்றுகொண்டு போயிருக்கிறாள். நாகப்பனுக்குத் தெரியும். அவர் சொன்னால் கேட்கிற பெண்ணா அவள்?

பதினைந்தாவது இடத்துக்கு ஜனவரி பிறந்தும் ஆள் கிடைக்கவில்லை. ஊரில் பெண்களுக்கா பஞ்சம்? கேட்டால் ஒருத்தியும் வரவில்லை. அது சாந்தி வீட்டுப் பாடு, அதில் நான் எப்படிப் போய் உட்காருவேன் என்று எல்லோரும் ஒரே பேச்சு. மூர்த்தி வாரம் ஒருமுறை போன் செய்து, என்னம்மா ஆச்சு, ஆள் சேர்த்தீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பொங்கலுக்கு இளவரசி வந்தாள். நான்கு நாள் விடுமுறை. பையை வீட்டில் வைத்துவிட்டு நேராகப் பெரியம்மாவைப் பார்க்கத்தான் போனாள். அவளுக்குச் சாமுண்டீஸ்வரி பெரியம்மா முறை. நானும் அன்று அங்கே இருந்தேன். சாமுண்டீஸ்வரி வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே பேசினாள், இடது கையால் டீ கொடுத்தாள். நர்சுக்குப் படிக்கிற பெண்ணிடம் அது எவ்வளவு நேரம் பலிக்கும்? “கைய காட்டு பெரிம்மா” என்றாள் இளவரசி. இரண்டு தரம் கேட்டுவிட்டு, மூன்றாம் தரம் கேட்காமல் பிடித்து இழுத்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வீங்கி, நகத்தைச் சுற்றிச் சீழ் வைத்திருந்தது. நாற்றம் எனக்கே வந்தது.

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள். வெந்நீர் வைக்கச் சொன்னாள். சீழை எடுத்து, கழுவி, மருந்து வைத்து, அவ்வளவு சுத்தமாக ஒரு கட்டுப் போட்டாள், பார்க்கவே ஆசையாக இருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டே ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். கொட்டகையில் மாதத்தில் பாதி நாள்தானே வேலை, விரல் ஏன் இப்படி ஆச்சு? பாதி நாள்தான் என்றால் பணம் எங்கே இருந்து வந்துச்சு? அம்மா சீட்டு இருக்கா இல்லையா? சாமுண்டீஸ்வரி வெந்நீர்ப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளவரசி என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வது?

“இன்னும் ஏழே மாசம்தான் கண்ணு. நான் பாத்துக்கிறேன். நீ போ” என்றாள் சாமுண்டீஸ்வரி.

“ஏழு மாசம் இந்த விரல் தாங்காது பெரிம்மா. எடுக்க வேண்டி வரும். எனக்குத் தெரியும்.”

“போனா ஒரு விரலு. மீதி ஒம்போது கீது.”

“நான் போவல.”

அவ்வளவுதான் நடந்தது. பெரிய வாக்குவாதம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாமுண்டீஸ்வரி அன்று முழுக்கத் திட்டினாள், மறுநாள் சோறு தின்னாமல் கிடந்தாள், காணும்பொங்கலன்று அந்தப் பெண்ணின் காலைப் பிடிக்கவே போய்விட்டாள். இளவரசி அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, கொட்டகைக்கு நடந்துபோய், மேஜையில் அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை, ஜனவரி முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. ஆள் வந்துவிட்டது என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் தெரிந்தது. அந்த நிம்மதியை நான் என் வாழ்நாளில் மன்னிக்க மாட்டேன், என் முகத்திலும் அது இருந்திருக்கலாம் என்றாலும். கல்லூரிக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய கடிதத்தை என் கடையில்தான் டைப் அடித்தோம். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று ஆரம்பித்தேன். அவள் சரி என்றாள்.

ஜனவரி முப்பதாம் தேதி மூர்த்தி பட்டியலோடு வந்தார். பெயர் படித்தார், ஒவ்வொருத்தியும் கை தூக்கினாள், ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட்டார். பதினைந்தும் சரியாக வந்துவிட்டது. மனிதர் முகம் மலர்ந்தது. சாமுண்டீஸ்வரியின் விரல் கட்டைப் பார்த்து, யார் போட்டது, ஆஸ்பத்திரியிலா என்று விசாரித்தார். பெண்கள் இளவரசியைக் காட்டினார்கள்.

“பரவாயில்லையே. ரொம்ப நேர்த்தியா இருக்கே. எங்கேம்மா கத்துக்கிட்ட?”

“நர்சிங் படிச்சேன் சார். ரெண்டரை வருசம்.”

“அடடா. இன்னும் கொஞ்சம்தானே இருந்திருக்கும், ஏன் விட்டுட்ட?”

யாரும் நிமிரவில்லை. சாமுண்டீஸ்வரி கட்டுப்போட்ட கையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஊரையே அதட்டிய பெண்பிள்ளை அப்படித் திரும்பி நின்று நான் பார்த்ததில்லை. இளவரசி மட்டும் உரிப்பதை நிறுத்தாமல், மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்.

“உங்க லிஸ்ட்ல ஒரு ஆள் கொறைஞ்சிது சார். வந்துட்டேன்.”